பதினாறு வரியில் கேட்டது ஐந்து

அண்ணா,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு காலியாகிவிட்டது. ஆனால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒன்று மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இன்று காலை தூசி தட்டும்போது பார்த்தேன். நான்கு மூலையிலும் நீ தடவிய மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. கை பட்டதும் பொடியாக உதிர்ந்தது. உறையின் மேல் ‘செல்வின்’ என்று எழுதியிருந்தாய். மற்ற உறைகளில் திரு, திருமதி, குடும்பத்தார் என்று என்னைத்தானே எழுதச் சொன்னாய்? இதை மட்டும் நீயே எழுதியிருக்கிறாய். திருவும் இல்லை, குடும்பத்தாரும் இல்லை. பேனாவை எவ்வளவு அழுத்தினாயோ, எழுத்து உறைக்குள் இருக்கும் பத்திரிகை வரைக்கும் தடம் பதித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இன்று செவ்வாய்.

இந்தக் கடிதம் அம்மா எழுத வேண்டியது. சுரண்டையில் மதினியின் அம்மா, மகளுக்கு ஆறு பக்கம் புத்திமதி எழுதிப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறார்களாம். அந்தச் செய்தி அம்மா காதுக்கு வந்துவிட்டது. “பொண்ணு வீட்டுல ஆறு பக்கம் எழுதுதாவ. மாப்பிள வீட்டுக்காரி ஒரு பக்கம்கூட எழுதலன்னா நம்மள என்ன நெனப்பாவ? நோட்ட எடுட்டி. நான் சொல்லுதேன், நீ எழுது” என்று நேற்று மதியம் உட்கார்ந்தாள். அப்பாவையும் கேட்கலாமே என்றேன். “ஒங்கப்பா நாளைக்கு நாலு வார்த்த பேசுதாரு. அதுல ரெண்டு ‘சோறு போடு’. அவரு எங்க ஆறு பக்கம் சொல்ல?” கட்டிலில் படுத்திருந்த அப்பா சிரித்தார். அதற்கும் சத்தம் வரவில்லை. நான் யார் மகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எய்யா, போற இடத்துல நேரத்துக்குச் சாப்பிடு. வண்டி ஓட்டயில போனப் பாக்காத. பொண்டாட்டி சொல்லுதத காது குடுத்துக் கேளு, கேட்ட மாதிரி தலைய மட்டும் ஆட்டாத.” இதோடு அம்மாவுக்குத் தீர்ந்துவிட்டது. நோட்டை எட்டிப் பார்த்தாள். முக்கால் பக்கம்கூட ஆகவில்லை. “மிச்சத்த நீ எழுதிரு” என்று எழுந்தாள். நான் அவனுக்குத் தங்கச்சிம்மா என்றேன். “எனக்கு ஆபரேஷன் ஆன நாள்ல இருந்து இந்த வீட்டுக்கு யாருட்டி அம்மா? அவன் சட்டைக்குப் பித்தான் தச்சது யாரு? காய்ச்சல்ல கஞ்சி வச்சது யாரு? எழுது, எழுது” என்று காய்க்கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். பதினேழு வயதில் இருபத்தைந்து வயது மகன் கிடைத்தது நம் குத்துக்கல்வலசை ஊரிலேயே எனக்கு மட்டும்தான் இருக்கும். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நீ மதினியோடு ஓசூர் வேலைக்குக் கிளம்பிவிடுவாய். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நேரில் என்றால் வராது, உனக்கே தெரியும்.

முதலில் ஒரு பழைய தப்பு. பத்தாவது முடித்ததும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபோது நீ மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அம்மாதான் என்னை நிறுத்திவிட்டாள் என்று நினைத்தாய். “நான் சமைக்கேன், நான் துவைக்கேன், அவ படிக்கட்டும்” என்று கரண்டியைப் பிடுங்கினாய். அன்று நீ வைத்த ரசத்தை அப்பா மட்டும்தான் முழுதாகக் குடித்தார்.  உண்மை என்னவென்றால், அம்மா என்னைப் படிக்கத்தான் சொன்னாள். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன். புத்தகம் கையில் இருக்கும், எழுத்தெல்லாம் தெரியும், சத்தம் மட்டும் வராது. பின் பெஞ்சில் சிரிப்பார்கள். அம்மாவின் ஆபரேஷன் எனக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது. அம்மாவை நீ முறைத்த மூன்று நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. தப்பான ஆள்மேல் நீ கோபப்பட, நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது தடவையைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு இருந்த ஒரே வகுப்பு உங்கள் சாரல் கூட்டம். வருசா வருசம் ஆனி மாதம் மழைத்தூறல் விழத் தொடங்கியதும், போன வருசம் வந்த ராப் பாட்டுகளில் எது முதல் என்று முடிவு கட்ட நீயும் உன் சேக்காளி செல்வின் அண்ணனும் பரோட்டாக்கடை காசியும் குற்றாலம் ஐந்தருவியில் கூடுவீர்கள். போன வருசப் பாட்டை ஏன் ஆறு மாதம் கழித்துப் பேசுகிறீர்கள் என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டேன். “சாரல் வரைக்கும் தாங்குனாத்தான் தாயி பாட்டு. தாங்காதது வெறும் ஸ்டேட்டஸ்” என்று செல்வின் அண்ணன் சொன்னார். அவருடைய எண்ணெய்க் குளியல் கடையில் ஆட்களுக்கு முதுகு தேய்த்துக்கொண்டே வாதாடுவார். ஓங்கிப் பேசும் இடத்தில் முதுகில் அடி கொஞ்சம் பலமாக விழும். படுத்திருப்பவர் “தம்பி, அந்தப் பாட்டையே முதலா வச்சிரு, என்னைய விடு” என்று ஒரு நாள் கெஞ்சினார்.

படத்தில் வராமல் தனியாக வந்த பாட்டுதான் சிங்கிள், அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் சட்டம். காசி ஒவ்வொரு தடவையும் ஒரு படப் பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். போன சாரலிலும் வந்தான். “படத்துல வந்தா அது சிங்கிளாலே? கல்யாணம் ஆனவன் எப்படிலே சிங்கிளு?” என்று செல்வின் அண்ணன் அவனை உட்கார வைத்தார். நீ சென்னைப் பையன்களின் ‘தண்ணி லாரி’யைக் கொண்டுவந்தாய். “அந்த பீட்டக் கேளுலே. நெஞ்சுல வந்து மோதுது.” அவர் விடவில்லை. “மோதுது, சரி. மோதிட்டு என்ன சொல்லுது?” “எவ்வளவு வேகமாப் பாடுதான் பாத்தியா?” “வேகமாப் பேசுனா ராப்பா? அப்ப பாவூர்சத்திரத்துல தக்காளி ஏலம் போடுத அண்ணாச்சிதாம்லே தமிழ்நாட்டுலயே பெரிய ராப்பர்.” காசி சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. செல்வின் அண்ணனுடைய பாட்டு, மதுரைக்காரப் பெண் ஒருத்தி பாடிய ‘டோக்கன் நம்பர் நாப்பது’. ரேஷன் கடை வரிசையில் நிற்பவள் தனக்குள் பேசிக்கொள்கிற பாட்டு. மூன்றாவதாக இருந்தது உன் ‘லோடு’.

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டியானை வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு போகும்போது நீ முணுமுணுத்த வரிகள். தாளத்துக்கு ஆள் வைக்க முடியாது என்றதும் செல்வின் அண்ணன், “நீ குப்புறப் படுலே” என்று உன் முதுகில் எண்ணெயைத் தடவி, இரண்டு கையாலும் தட்டியே அந்த பீட்டைப் போட்டார். அதை உன் போனில் பிடித்தது நான். மூன்று நாள் உன்னால் நிமிர்ந்து வண்டி ஓட்ட முடியவில்லை. பாட்டில் பாதி உன் வாய், மீதி அவர் கை, உன் முதுகு.

கடைசிச் சுற்று அருவிச் சோதனை. இது உங்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. ஒருவர் அருவிக்கு அடியில் நின்று, தலையில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பதினாறு வரி பாட வேண்டும். வரி விடாமல் பாடுகிறாரா என்று பக்கத்திலேயே ஒருவர் நனைந்துகொண்டு நிற்பார். கரையில் கம்பி ஓரம் இரண்டு பேர் கேட்க வேண்டும். காது கூர்மை என்று என்னை எப்போதும் கேட்கிறவளாக வைத்திருந்தீர்கள். தாள் நனைந்துவிடும் என்பதால், தெளிவாகக் கேட்ட வரிக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் காலி எண்ணெய் பாட்டிலில் போடுவோம். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி நீலம். யார் எத்தனை போட்டார் என்று கேட்கக் கூடாது. பிறகு மனஸ்தாபம் வரும் என்று இந்தச் சட்டத்தைப் போட்டதே நீதான்.

செல்வின் அண்ணன் மதுரைக்காரியின் பாட்டைப் பாடியபோது கரையில் நீயும் நானும் நின்றோம். ஒரு பாட்டிலில் பதினான்கு, இன்னொன்றில் பதினைந்து. அடுத்து நீ போனாய். காசி சாட்சி. கரையில் செல்வின் அண்ணனும் நானும். நீ கையை வீசிப் பாட ஆரம்பித்ததும் போலீஸ்காரர் விசில் ஊதினார். “ஏய், யாருப்பா அங்கன? பேச்சுப் போட்டின்னா மேடையப் போட்டுப் பேசு. அடுத்தவனக் குளிக்க விடு!” நீ நிறுத்தவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே.

‘வெள்ளி முளைக்க வண்டியெடு, வெண்டக்கா லோடு ஏத்து, எங்கம்மா நிக்கா சந்தையில, எவன்லே ஏய்ப்பான் பாத்து’ என்று வரும் இரண்டு வரியும் மணி அடித்த மாதிரி கேட்டன. ‘கத்தரிக்கா மூட கனமில்லலே, காத்துக் கெடக்கதுதான் கனம்’ என்ற வரியும் கேட்டது. பிறகு அப்பா பேசாமல் சாக்குத் தைக்கிற இரண்டு வரி. ஆக ஐந்து. மற்ற வரிகளில் நீ யாரோ போலப் பேசினாய். சென்னைப் பையன்கள் வார்த்தையை இழுக்கிற மாதிரி இழுத்து, கடைசி எழுத்தை விழுங்கினாய். அது உன் வாய்க்குப் பழக்கமில்லாத பேச்சு. தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் ஐந்து கொட்டை போட்டேன். ஆறாவதையும் கையில் எடுத்தேன். அதைப் போட மனது வரவில்லை.

காசியின் தட்டில் பாட்டில்களைக் கவிழ்த்தபோது ஒன்றில் பதினாறு இருந்தது. ஒன்றில் ஐந்து. நீ ஈரத் தலையோடு அந்த ஐந்தை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாய். பிறகு நீ போட்ட சட்டத்தை நீயே உடைத்தாய். “எந்தங்கச்சிக்குப் பதினாறும் கேட்டுருக்கு. ஒனக்கு மட்டும் அஞ்சாலே?” செல்வின் அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் துண்டுப் பையைப் பார்த்தேன். “ஆமாலே. அருவி சத்தம்” என்றார். “அருவி சத்தமில்ல, ஒனக்குப் பொறாம. அந்த மதுரக்காரி ஜெயிக்கணும் ஒனக்கு.” “பீட்டு அடிச்சவன் நாம்லே. என் பாட்ட நானே கவுப்பனா?” “ஓம் பாட்டா? எப்பலே அது ஓம் பாட்டு ஆச்சு?” அவர் எண்ணெய் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய். வண்டியில் வரும் வழியெல்லாம், “நீ ஒருத்திதாம்ட்டி எனக்கு” என்றாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த ஐந்தும் நான் போட்டது, அண்ணா. பதினாறு போட்டது அவர்.

இதைச் சொல்ல நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தடவை உனக்குத் தோசை ஊற்றும்போது ஆரம்பித்தேன். “என்ன முனங்குத, இன்னொண்ணு போடு” என்றாய். போட்டேன். ஒரு தடவை போனில் தட்டெழுதி, அழித்து, தட்டெழுதி, கடைசியில் ‘வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா’ என்று அனுப்பினேன். இந்த ஆனியில் சாரல் விழுந்து பத்து நாளாகிறது. கூட்டம் நடக்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் போன சாரலுக்கு என் தீர்ப்பை இப்போது சொல்கிறேன். முதலிடம் ‘டோக்கன் நம்பர் நாப்பது’க்கு. இரண்டாவது ‘லோடு’, அந்த ஐந்து வரிக்காக மட்டும். அந்த ஐந்தும் மதுரைக்காரியின் பாட்டில் எந்த வரிக்கும் தோற்காது. ‘தண்ணி லாரி’ மூன்றாவது. மூன்று தடவை கேட்டபின் தலையாட்டிய கழுத்து வலிதான் மிச்சம். காசியின் படப் பாட்டு எனக்கு உள்ளூரப் பிடிக்கும், ஆனால் சட்டம் சட்டம்தான்.

அம்மாவின் இடத்தில் இருப்பதால் புத்திமதியும் சொல்ல வேண்டும். மதினியிடம் நீ போனில் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்கிறது. “என்னம்மா, எப்டி இருக்க, சாப்டியா” என்று எங்கிருந்தோ ஒரு குரலை இறக்குமதி செய்கிறாய். மதினி சுரண்டைக்காரி, நம் பேச்சு அவளுக்குப் புரியாதா? போன வாரம் நீ குளிக்கப் போயிருந்தபோது போனை நான் எடுத்தேன். “ஒங்கண்ணன் எப்பமும் இப்படித்தான் டிவில செய்தி வாசிக்க மாதிரிப் பேசுவாவளா?” என்று மதினி கேட்டாள். இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. கோபம் வந்தால் உனக்கு ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வருகிறது. பிரியமாகச் சொல்லும்போதுதான் கடைசி எழுத்தை விழுங்குகிறாய். இனிமேல் மாற்றி விழுங்கு. ஓசூரில் எல்லோரும் எல்லா மாதிரியும் பேசுவார்கள். நீ உன் வாயால் பேசு. உன்னிடம் யாராவது ஐந்துதான் கேட்டது என்று சொன்னால் உடனே பொறாமை என்று முடிவு கட்டாதே. உன் மேல் உள்ள பிரியத்தில் பதினாறு போடுகிறவனும் இருப்பான், ஐந்து போடுகிறவளும் இருப்பாள்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். தாளில் சொல்வது எனக்குச் சுலபம். வகுப்பிலும் பரீட்சை மட்டும் நன்றாகத்தானே எழுதினேன்? அதனால் நோட்டை மூடிவிட்டு, அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். தனியாகப் போனது இதுதான் முதல் தடவை.

கடை வாசலில் குடை பிடித்து நின்றேன். செல்வின் அண்ணன் ஒருவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. எப்போதும் போல அவராகப் பார்க்கட்டும் என்று நின்றிருப்பேன். ஆனால் பஸ் டிக்கெட் வாங்கிய கையில் இன்னும் கொஞ்சம் தைரியம் மிச்சம் இருந்தது. “செல்வின் அண்ணே!” என்றேன். படுத்திருந்தவரும் தலையைத் தூக்கினார்.

“ஏ தாயி! ஒனக்கு இம்புட்டுச் சத்தம் வருமா?”

“அந்த அஞ்சு கொட்டையப் போட்டது நான்.”

“தெரியும்லா. பதினாறு போட்டவன் நாந்தான.”

“நெசமாவே ஒங்களுக்குப் பதினாறும் கேட்டுச்சா?”

அவர் அந்த ஆள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். “நாலு. என்னைய விட ஒனக்கு ஒண்ணு கூடத்தான் கேட்டுருக்கு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அவன் ஒன்னையப் புடிச்சுத் திட்டுவான். நான்னா எந்திரிச்சு வந்துருவேன். நீ அந்த வீட்டுலதான இருக்கணும்” என்றார். படுத்திருந்தவர், “தம்பி, முதுகு” என்று ஞாபகப்படுத்தினார்.

பத்திரிகையை நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, உறையைப் பார்த்தார். “அவன் எழுத்துதான். அவனா குடுத்துவுட்டான்?” பொய் சொல்லவில்லை, அண்ணா. டிவிக்குப் பின்னால் இருந்தது, நானாக எடுத்து வந்தேன் என்றேன். தலையை ஆட்டினார். திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டார். “அவன் கையால தரச் சொல்லு. தந்தான்னா வாங்கிக்கிடுவேன்.”

திரும்பும்போதுதான் கடை வாசல் பலகையைப் பார்த்தேன். சாக்பீஸில் ‘ஞாயிறு கடை கிடையாது’ என்று எழுதியிருந்தது. நல்ல சாரலில், ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் எந்த எண்ணெய்க் கடைக்காரரும் கடையை அடைக்கமாட்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் எழுதினேன். பக்கத்தை எண்ணிப் பார்த்த அம்மா, “சம்பந்தி வீட்ட விட ஒரு பக்கம் கூட” என்று திருப்தியாகச் சொன்னாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நான் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, பத்திரிகையின் நான்கு மூலையிலும் புதிதாகத் தடவி, உன் வண்டிச் சாவிக்கு அடியில் வைத்தேன்.